பழைய தொலைபேசிக்கு விடை கொடுக்குமுன்

வீடு மாறுகின்றவர்கள் புது வீட்டின் திறப்பைக் கையில் வாங்கிய பின்னரே பழைய வீட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுப்பார்கள். இது சிறு பிள்ளைகளும் அறிந்த ஒழுங்கு. ஆனால், வீட்டுத் தொலைபேசியையும் இணையத்தையும் ஒரு கம்பனியிடமிருந்து இன்னொரு கம்பனிக்கு மாற்றும்பொழுது, கற்றவர்களும் இந்த ஒழுங்கை மறந்துவிடுகின்றனர். அவ்வாறு மறந்ததனால் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தை வாசக நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன். அது பெரிய அநர்த்தமன்று. எனினும், ஒரு முதிய தாயின் மூன்று நாள் உறக்கத்தை அது கெடுத்தது.

அக்காவின் இலக்கம்

எனது தமக்கையார் 1993ஆம் ஆண்டு முதல் கிழக்கு இலண்டனில் வசித்து வருகின்றார். அவ்வாண்டு அவர் வீட்டிற்குக் கிடைத்த தொலைபேசி இலக்கம் நெடுங்காலம் மாறாதிருந்தது. இலண்டன் நகரின் குறியீடு 1995இல் ஒரு முறையும் 2000இல் மறு முறையும் மாற்றப்பட்டது உண்மையே. ஆயினும், இறுதியிலுள்ள ஏழு எண்களும் அப்படியே நிலைத்தன.

போர்க்காலத்தில் எங்கள் தாயார் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார். மகளோடு ஐந்து நிமிடம் பேசுவதற்காகக் 'கொமியூனிக்கேஷன்' கடையிலே மணிக்கணக்காகக் காத்திருப்பார். கடைக்காரர் கேட்டவுடன் கடதாசியைப் பாராமலே இலக்கத்தைச் சொல்லுவார். பின்னர் யாழ்ப்பாணத்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தபோதும் அந்த ஓர் இலக்கமே அவருக்கு மனப்பாடம். எனது இலக்கத்தைக்கூட அவர் நாட்காட்டியின் ஓரத்தைப் பார்த்துத்தான் அழுத்துவார்.

2016ஆம் ஆண்டின் இறுதியில் அக்காவின் வீட்டு வாசலில் ஒரு விளம்பரத் துண்டு விழுந்தது. மாதாந்தக் கட்டணம் குறைவு, இணையத்தின் வேகம் அதிகம் என்று புதியதொரு கம்பனி ஆசை காட்டியது. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தமையால் மாறுவதற்குத் தடையில்லை. அக்கா முதலிற் செய்த காரியம், பழைய கம்பனியை அழைத்து இணைப்பை நிறுத்தும்படி கேட்டதே. அரை மணிக்கு மேலாக இசையைக் கேட்டுக் காத்திருந்தார். பின்னர் வேறொரு பகுதிக்கு மாற்றப்பட்டார். "ஏன் போகின்றீர்கள்? விலையைக் குறைத்தால் இருப்பீர்களா?" என்று பலவாறாகக் கேட்டார்கள். அவர் அசையவில்லை. முப்பது நாள் முன்னறிவித்தல் என்று கணக்கிட்டு, ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பழைய இணைப்பு சொன்ன சொற்படி நின்றது. புதிய இணைப்போ வரவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்குப் புதுக் கம்பி புதைக்க வேண்டியிருந்ததால் பதினொரு நாள் கழித்தே வந்தது. வந்தபோது அதனோடு ஒரு புது இலக்கமும் வந்தது. "எங்கள் பழைய இலக்கத்தைத் தாருங்கள்" என்று அக்கா கேட்டதற்கு, "இணைப்பு நின்றபோதே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. முன்னரே எங்களிடம் சொல்லியிருந்தால் மாற்றியிருப்போம்" என்று பதில் கிடைத்தது.

இதற்கிடையில், சனிக்கிழமை காலை அம்மா வழக்கம்போல் அந்த இலக்கத்தை அழுத்தியிருக்கின்றார். ஞாயிறும் அழுத்தினார், திங்களும் அழுத்தினார். வேலைப் பளுவினால் அந்த வாரம் அக்காவும் அழைக்கவில்லை. திங்கள் இரவு அம்மா என்னை அழைத்தார். குரல் நடுங்கியது.

"தம்பி, அக்கான்ரை ரெலிபோனிலை ஆரோ வெள்ளைக்காரி கதைக்கிறாள். நான் என்ன கேட்டாலும் திருப்பித் திருப்பி ஒண்டையே சொல்லுறாள். பிள்ளைக்கு ஏதும் நடந்துபோச்சோ?"

இலக்கம் பாவனையில் இல்லையென்று அறிவிக்கும் பதிவு செய்யப்பட்ட குரல் அது. நான் அக்காவின் கைத்தொலைபேசிக்கு அழைத்து, இருவரையும் பேச வைத்த பின்னரே அம்மா உணவருந்தினார்.

இலக்கம் ஏன் தொலைந்தது?

இதிற் பழைய கம்பனியின் மீதோ புதிய கம்பனியின் மீதோ பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. பழையது, கேட்டபடி நிறுத்தியது. புதியது, கேட்டபடி புதிதாகக் கொடுத்தது. தவறியது ஒழுங்கு மாத்திரமே. அதனை விளங்கிக்கொள்வதற்குத் தொலைபேசி இலக்கம் என்பது யாதென அறிதல் வேண்டும்.

பிரித்தானியாவில் வீட்டுத் தொலைபேசி இலக்கங்கள் தொகுதி தொகுதியாகக் கம்பனிகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஒரு வாடிக்கையாளர் தமது இலக்கத்தோடு வேறு கம்பனிக்குச் சென்றாலும், அந்த இலக்கத்துக்கு வருகின்ற அழைப்பு முதலில் அத்தொகுதிக்கு உரிய கம்பனியின் நிலையத்தையே சென்றடைகின்றது. அங்கிருந்து அது புதிய கம்பனிக்குத் திருப்பி விடப்படுகின்றது. வீடு மாறியவரின் கடிதங்களைத் தபாற் கந்தோர் புதிய விலாசத்துக்கு அனுப்பி வைப்பது போன்றதே இதுவும்.

இவ்வாறு திருப்பி விடும்படி கேட்க வேண்டியது புதிய கம்பனி. அக்கா மாறிய காலத்தில், கேட்கும்போது பழைய இணைப்பு உயிரோடிருத்தல் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் அவசரப்பட்டு இணைப்பை நிறுத்திவிட்டால், இலக்கம் தன் தொகுதிக்கே திரும்பிவிடும் நிலை அப்போது இருந்தது. சில காலஞ் சென்றபின் அது வேறொரு வீட்டிலே ஒலிக்கவுங் கூடும்.

நாற்பது ஆண்டு வரலாறு

ஒரு காலத்தில் பிரித்தானியாவில் இந்தச் சிக்கலே இருக்கவில்லை. மாறிச் செல்வதற்கு இன்னொரு கம்பனி இல்லாமையே காரணம். தொலைபேசி தபாற் கந்தோரின் பொறுப்பில் இருந்தது. 1981இல் அது பிரித்தானிய ரெலிகொம் என்ற தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 1984இல் அதன் பங்குகளிற் பாதிக்குமேல் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அதன்பின் போட்டி வளர்ந்தது. 2003இன் இறுதியில் ஒஃப்கொம் என்னும் ஒழுங்காக்கும் சபை தொலைத்தொடர்பு அலுவல்களைப் பொறுப்பேற்றது.

போட்டி வந்தபோதும் வெளியேறும் வாயில் ஒடுக்கமாகவே இருந்தது. இணையச் சேவையை மாற்ற விரும்பியவர் பழைய கம்பனியிடம் ஓர் அனுமதிக் குறியீட்டைப் பெற்றுப் புதிய கம்பனியிடம் கொடுக்க வேண்டும். கேட்டவருக்கு ஐந்து வேலை நாளுக்குள் அதனைக் கொடுத்தேயாக வேண்டுமென்று 2007 பெப்ரவரியில் விதி செய்யப்பட்டது. 2015 யூனில் அந்தக் குறியீடும் ஒழிந்தது. புதிய கம்பனியிடம் சொன்னாற் போதும் என்றாயிற்று. ஆயின், ஓப்பின்றீச் போன்ற பொதுவான கம்பி வலையின் மேல் நடக்கும் கம்பனிகளுக்கிடையே மாறுவோருக்கே இந்த வசதி கிடைத்தது. ஒரு வலையை விட்டு முற்றிலும் வேறான இன்னொரு வலைக்குச் செல்பவர் பழையதைத் தாமே நிறுத்தித் தேதிகளையும் தாமே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா அகப்பட்டது அந்த இடைவெளியிலேதான்.

வெளியேறுவோரிடம் பணம் மிகையாக அறவிடப்பட்ட கதையும் உண்டு. ஒப்பந்தம் முடியுமுன் விலகிய வாடிக்கையாளர்களிடம் அளவுக்கு மிஞ்சிக் கட்டணம் வாங்கியமைக்காக, 2018 நவம்பரில் இரண்டு பெரிய கம்பனிகளுக்கு ஒஃப்கொம் அபராதம் விதித்தது. ஒன்றுக்கு 70 இலட்சம் பவுண். மற்றையதற்கு 63 இலட்சம் பவுண்.

இப்பொழுது உள்ள வழி

2024 செப்டெம்பர் 12ஆந் தேதி அந்த இடைவெளி அடைக்கப்பட்டது. 'ஒரே தொடுகையில் மாற்றம்' என்ற புதிய முறை அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த வலையிலிருந்து எந்த வலைக்கு மாறினும், வீட்டுப் பாவனையாளர் புதிய கம்பனியோடு மாத்திரம் பேசினாற் போதுமானது.

நடைமுறை இதுவே. நீங்கள் விரும்பும் புதிய கம்பனியிடம் உங்கள் பெயர், விலாசம், தற்போதைய கம்பனியின் பெயர் ஆகியவற்றைக் கொடுக்கின்றீர்கள். அது பழைய கம்பனிக்குச் செய்தி அனுப்புகின்றது. பழைய கம்பனி, நீங்கள் விலகினால் ஏதும் கட்டணம் செலுத்த வேண்டுமா, வேறு எந்தச் சேவைகள் பாதிக்கப்படும் என்பவற்றை உங்களுக்கு அறிவிக்கின்றது. அதனை வாசித்த பின்பு நீங்கள் சம்மதித்தால் மாற்றத்துக்கு நாள் குறிக்கப்படும். அந்த நாளிற் புதியது தொடங்கப் பழையது தானாகவே முடியும். மாறிய நாளுக்கு அப்பால் முன்னறிவித்தற் காலம் என்று சொல்லிக் கட்டணம் கேட்டல் ஆகாது. மாற்றத்திற் பிழை நேர்ந்து ஒரு வேலை நாளுக்கு மேலாகச் சேவையின்றி நீங்கள் விடப்பட்டால் நட்டஈடு பெற உரிமையுண்டு.

ஆதலின், பழைய கம்பனியை முதலில் அழைத்து நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவை இப்பொழுது இல்லை. தேவையில்லை என்பது மாத்திரமன்று. அவ்வாறு அழைப்பதே தீங்காகவும் முடியலாம். புதிய முறை நடந்துகொண்டிருக்கையில் பழைய வழக்கப்படி ஒருவர் தாமாகவே இணைப்பை நிறுத்தச் சொன்னால், அக்காவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரலாம்.

முறை செய்யாதவை

எந்த நல்ல முறையும் எல்லாவற்றையும் நமக்காகச் செய்துவிடாது. பின்வருவனவற்றை வீட்டுக்காரரே கவனித்தல் வேண்டும்.

முதலாவது, இலக்கம். பழைய இலக்கத்தை உடன் கொண்டுவர வேண்டுமென்று, ஒப்பந்தஞ் செய்யும்பொழுதே புதிய கம்பனியிடம் தெளிவாகக் கூறுங்கள். இணையத்தை மட்டும் விற்று வீட்டுத் தொலைபேசி கொடாத கம்பனிகளும் உண்டு. அத்தகையதிடம் செல்பவர் இலக்கத்தை இழக்க நேரிடும்.

இரண்டாவது, ஒப்பந்தக் காலம். பிரித்தானியாவில் வீட்டுப் பாவனையாளரை முதல் ஒப்பந்தத்தில் 24 மாதங்களுக்கு மேற் கட்டிவைத்தல் ஆகாது. ஆனால் அக்காலத்தின் நடுவே விலகினால் மிகுதி மாதங்களுக்காக ஒரு தொகை கேட்கப்படும். 2020 பெப்ரவரி முதல், ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாள்களுக்கு முன்னர் கம்பனி அதனை அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த அறிவித்தலை விளம்பரமென எண்ணிக் குப்பையில் இடாதீர்கள். மாறுவதற்கு உகந்த காலம் அதுவே.

மூன்றாவது, கூட்டாக வாங்கிய சேவைகள். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அதே கம்பனியிடம் எடுத்திருந்தால், அவை இந்த மாற்றத்தோடு தாமாக நிற்பதில்லை. வேண்டாதவற்றைத் தனியே நிறுத்த வேண்டும். பழைய கம்பனி கொடுத்த மின்னஞ்சல் விலாசத்தைப் பாவிப்பவர்கள் மிக்க கவனமாக இருத்தல் அவசியம். விலகிய சில காலத்தில் அது மூடப்படலாம், அல்லது கட்டணம் கேட்கப்படலாம். வங்கி, வைத்தியசாலை, பிள்ளைகளின் பாடசாலை ஆகியவற்றுக்குப் புதிய விலாசத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

நான்காவது, கருவிகள். ரௌட்டர் எனப்படும் பெட்டி பெரும்பாலும் கம்பனிக்கே சொந்தம். அதனைத் திருப்பி அனுப்பாவிடின் விலை அறவிடுவார்கள். அனுப்பியதற்கான தபாற் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது, வங்கிக் கட்டளை. மாதந்தோறும் பணம் செல்லும்படி வங்கிக்குக் கொடுத்த கட்டளையை நிறுத்தினால் ஒப்பந்தமும் முடிந்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஒப்பந்தம் நிற்கும், கடன் ஏறும், கடன் வரலாற்றில் கறை படியும். இறுதிக் கட்டணப் பட்டியல் வந்து கணக்குத் தீர்ந்த பின்னரே கட்டளையை நீக்குதல் முறை.

ஆறாவது, வீட்டிலுள்ள முதியோர். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. வீட்டில் விளக்கணைந்தாலும் அது பேசும். இணைய வழியில் இயங்கும் புதிய தொலைபேசியோ மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். பிரித்தானியாவிற் பழைய முறையை முற்றாகக் கைவிடுவதற்கு 2027 சனவரி இறுதி எனத் தவணை குறிக்கப்பட்டது. கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவி வைத்திருக்கும் முதியவர் வீட்டில் இருந்தால், மாறுமுன் அதனைப் புதிய கம்பனியிடமும் கருவி கொடுத்தவர்களிடமும் சொல்லுதல் கடன். வீட்டுத் தொலைபேசியை மாத்திரமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்சாரம் தடைப்படும்பொழுது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி செய்து கொடுக்கக் கம்பனிகள் கடமைப்பட்டுள்ளன.

அவசரத்திற் புதிய கம்பனியோடு ஒப்பந்தஞ் செய்துவிட்டு வருந்துவோருக்கும் ஒரு வழியுண்டு. தொலைபேசி மூலமோ இணைய மூலமோ செய்த ஒப்பந்தத்தை 14 நாள்களுக்குள் கைவிடலாம். அதற்குள் சேவையைப் பெற்றிருந்தால், பெற்ற நாள்களுக்குரிய பணத்தைக் கேட்பார்கள்.

பேச வேண்டி நேர்ந்தால்

தொலைக்காட்சியை நிறுத்தவோ, நாட்டை விட்டுப் போகும்போது எல்லாவற்றையும் முடிக்கவோ பழைய கம்பனியோடு பேச நேரிடலாம். மறுமுனையில் இருப்பவர் உங்களைத் தடுத்து நிறுத்துவதற்காகவே பயிற்றப்பட்டவராக இருத்தல் கூடும். அவரோடு கோபிப்பதிற் பயனில்லை. அவரும் ஒரு தொழிலாளியே. "நான் தீர்மானித்துவிட்டேன், முடிவுத் தேதியைக் கூறுங்கள்" என்ற ஒரே வாக்கியத்தை மரியாதையாகத் திரும்பக் கூறுங்கள். விலையைக் குறைப்பதாகச் சொன்னால், அது எத்தனை மாதத்துக்கு, புதிய ஒப்பந்தம் ஏதும் தொடங்குமா என்று கேளுங்கள். பேசிய நாள், நேரம், பெயர், தொடர்பு இலக்கம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். சொன்னதை எழுத்தில் அனுப்பும்படியும் கேளுங்கள்.

கைத்தொலைபேசிக்கு வேறு வழி. 2019 யூலை முதல் பிரித்தானியாவில் 65075 என்ற இலக்கத்துக்கு 'பிஏசி' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், இலக்கத்தை எடுத்துச் செல்லும் குறியீடு உடனே வந்து சேரும். அது 30 நாள் செல்லுபடியாகும். அதைப் புதிய கம்பனியிடம் கொடுத்தால் ஒரு வேலை நாளில் இலக்கம் மாறும். பழைய ஒப்பந்தமும் முடியும்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஏனைய நாடுகளிலும் இவ்வொழுங்கே காணப்படுகின்றது. பிரான்சில் 3179 என்ற இலக்கத்தை அழைத்துப் பெறும் குறியீட்டைப் புதிய கம்பனியிடம் கொடுத்தால், பழையதை நிறுத்துவது அதன் பொறுப்பு. ஜேர்மனியில் இணையத் தளத்தில் ஒப்பந்தம் விற்கும் கம்பனிகள், அங்கேயே நிறுத்துவதற்கும் ஒரு பொத்தானை வைத்தல் வேண்டுமென 2022 யூலை முதல் சட்டம் உள்ளது. விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்நாட்டிலும் மாறுமுன், "எனது இலக்கம் என்னோடு வருமா? விலகினால் என்ன செலுத்த வேண்டும்?" என்ற இரண்டு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுதல் நன்று. எங்கு வாழினும் ஒழுங்கு ஒன்றே: புதியது கையில் வந்தபின் பழையதை விடுக.

இரண்டாம் முறை

2016இல் வந்த புதிய இலக்கத்தை அம்மா மனப்பாடஞ் செய்வதற்கு ஒரு மாதஞ் சென்றது. ஒவ்வொரு மாலையும் சுவாமி விளக்கேற்றிய பின்பு அதனை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். இடையிடையே விரல்கள் பழைய இலக்கத்துக்கே போகும். அப்போது அந்த வெள்ளைக்காரியின் குரலைக் கேட்டு, "இவள் இன்னும் இஞ்சைதான் நிக்கிறாள்" என்று சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கும் அந்த ஒரு மாதம் செல்ல வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு அக்கா மீண்டும் கம்பனி மாற்றினார். இம்முறை அலுவலை நடத்தியவன் என் மருமகன். விலையையும் வேகத்தையும் கேட்குமுன், "அம்மம்மாவின் இலக்கம் வருமா?" என்றே அவன் கேட்டானாம். வீட்டில் அந்த இலக்கத்துக்கு இப்போது அதுதான் பெயர். வருமென்று எழுத்தில் உறுதி பெற்ற பின்பு சம்மதித்தான். பழைய கம்பனிக்கு ஓர் அழைப்பும் எடுக்கவில்லை. குறித்த செவ்வாய்க்கிழமை காலையிற் பழையது நின்றது. நண்பகலுக்குள் அதே இலக்கம் புதிய கம்பனியில் ஒலிக்கத் தொடங்கியது.

அன்று மாலை அம்மா வழக்கம்போல் அழைத்தார். மகள் எடுத்தார். முருங்கையிலை விலையையும் அயல்வீட்டுக் கலியாணத்தையும் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வைத்தார். இடையிலே கம்பனி மாறியதை இன்றுவரை அவர் அறியார். அறிய வேண்டிய தேவையும் அவருக்கு ஏற்படவில்லை.